விற்கப்பட்ட பெயர், திரும்பி வந்த தங்கை: கிறிஸ்டியன் டியோரின் கதை

1945 மே 28. பாரிஸ் ரயில் நிலையம் ஒன்றில் நாற்பது வயது மனிதர் ஒருவர் தங்கைக்காகக் காத்து நிற்கிறார். ஜேர்மன் முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களை ஏற்றிய ரயில் வந்து நிற்கிறது. இறங்கியவர்களிடையே தங்கையும் இருக்கிறாள். அண்ணனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அவ்வளவுக்கு மெலிந்து போயிருந்தாள். வீட்டுக்குக் கூட்டிச் சென்று, அவள் வருவாளென்று ஆசையாகச் சமைத்து வைத்திருந்த முட்டைப் பலகாரத்தைப் பரிமாறுகிறார். அவளால் அதைச் சாப்பிட முடியவில்லை. பட்டினி கிடந்த வயிறு அந்தச் சாப்பாட்டைத் தாங்காது.

இந்தக் காட்சியின் முதற்பாதி எங்களில் பலருக்குத் தெரியும். காத்து நிற்பது எப்படியென்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டாம் பாதி, அதாவது ஆள் திரும்பி வருவது, கிடைத்தவர்கள் கொஞ்சப் பேர்தான்.

அன்று நிலையத்தில் நின்றவரின் பெயர் கிறிஸ்டியன் டியோர். சுவிசிலிருந்தோ பாரிஸிலிருந்தோ வரும் சொந்தக்காரரின் சூட்கேசைத் திறக்கும்போது மணக்கும் அதே டியோர்தான். அந்த மே மாதத்தில் அவர் வேறொருவரின் கம்பனியில் உடுப்பு வரைந்து கொடுக்கும் ஊழியர். இரண்டு வருடம் கழித்து உலகத்திலேயே அதிகம் பேசப்பட்ட தையற்காரர். பன்னிரண்டு வருடம் கழித்து அவர் உயிரோடு இல்லை. பெயர் மட்டும் கைமாறிக் கைமாறி, இன்று பாரிஸ் பங்குச் சந்தையின் மிகப் பெரிய கம்பனிகளில் ஒன்றின் சொத்தாக நிற்கிறது.

அந்தப் பெயரை முதலில் கடைப் பலகையில் போட விடாதவர்கள் அவரைப் பெற்றவர்கள்தான்.

டியோர் 1905 ஜனவரி 21 அன்று பிரான்சின் வடமேற்கே, நோர்மண்டிக் கரையிலுள்ள கிரான்வில் என்ற சிறு துறைமுக ஊரில் பிறந்தார். தகப்பன் மொறிஸ் டியோர் உரம் தயாரிக்கும் முதலாளி. கடலைப் பார்த்தபடி பாறை மேட்டில் வீடு. சுற்றிவரத் தாயார் மதலேன் வளர்த்த பூந்தோட்டம். ஐந்து பிள்ளைகளில் கிறிஸ்டியன் இரண்டாவது. கடைக்குட்டி கத்தரீன், 1917இல் பிறந்தவள், அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். தாயோடு தோட்டத்தில் நின்று பூக்களின் பெயர்களைப் பாடமாக்கியவர்கள் இந்த இருவரும்தான் என்று குடும்பத்தின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

மகன் கட்டடக் கலை படிக்க ஆசைப்பட்டான். பெற்றோர் இராஜதந்திரியாக்கும் எண்ணத்தில் அரசியல் விஞ்ஞானக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். டொக்டர், இன்ஜினியர் என்று பிள்ளையின் தலையில் எழுதி வைக்கும் பழக்கம் யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதல்ல. படிப்பு ஒட்டவில்லை. 1928இல் நண்பர் ஒருவரோடு சேர்ந்து ஓவியக் கூடமொன்றைத் திறக்கத் தகப்பனிடம் பணம் கேட்டார். பணம் கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. டியோர் என்ற குடும்பப் பெயர் பலகையில் வரக் கூடாது. கடை வைத்திருக்கும் குடும்பம் என்று ஊர் பேசினால் மானம் போய்விடும். ஆகவே கூடம் நண்பரின் பெயரில் திறக்கப்பட்டது. பிக்காசோ, பிராக் போன்றவர்களின் படங்கள் அங்கே தொங்கின.

1931இல் எல்லாம் ஒன்றாகச் சரிந்தது. தாயார் இறந்தார். உலகப் பொருளாதார வீழ்ச்சியில் தகப்பனின் முதலீடுகள் மூழ்கி, அவர் வங்குரோத்தானார். தம்பி ஒருவர் மனநோயாளியாகிப் பராமரிப்பு நிலையத்தில் சேர்ந்தார். ஓவியக் கூடமும் மூடப்பட்டது. 1934இல் டியோருக்குக் காசநோய். நண்பர்கள் சேர்த்த காசில்தான் மலைப்பக்கம் போய் உடம்பைத் தேற்றினார். திரும்பி வந்தபோது கையில் தொழிலில்லை, வீடில்லை. நண்பர்களின் வீடுகளில் தங்கி, உடுப்புக்கும் தொப்பிக்கும் படம் வரைந்து கடை கடையாக விற்கத் தொடங்கினார். இந்தத் தொழிலுக்குள் அவரைத் தள்ளியது வறுமை. 1938இல் ரொபேர் பிகே என்ற ஆடை வடிவமைப்பாளர் அவரை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். அடுத்த வருடம் யுத்தம் வந்தது.

படைக்கு அழைக்கப்பட்டு, பண்ணை வேலையில் விடப்பட்டார். 1940இல் பிரான்ஸ் தோற்றதும், தெற்கே கல்லியான் என்ற மலைக் கிராமத்தில் தகப்பனும் தங்கையும் ஒதுங்கியிருந்த சிறு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். அண்ணனும் தங்கையும் தோட்டத்தைக் கொத்தி, போஞ்சியும் பட்டாணியும் போட்டு, கான் நகரச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றார்கள். இடம்பெயர்ந்து போன இடத்தில் கச்சான் போட்டு, கத்தரி போட்டுப் பிழைத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அதன் பிறகு இருவரும் வேறு வேறு பாதையில் போனார்கள். இந்தக் கதையில் என்னைத் தொந்தரவு செய்யும் இடம் இதுதான்.

1941இன் இறுதியில் டியோர் பாரிஸுக்குத் திரும்பி லூசியன் லெலோங் நிறுவனத்தில் சேர்ந்தார். பாரிஸின் உயர்தரத் தையல் தொழிலை முழுதாகத் தூக்கி பேர்லினுக்கும் வியன்னாவுக்கும் மாற்ற நாஸிகள் திட்டமிட்டபோது, அதைப் பேசித் தடுத்தவர் லெலோங். தொழிலும் தொழிலாளர்களும் தப்பினார்கள். அதற்கு ஒரு விலை இருந்தது. ஆக்கிரமித்தவர்களின் மனைவிமாரும், அவர்களோடு ஒத்துழைத்துப் பணம் சேர்த்த பிரெஞ்சுக்காரரின் மனைவிமாரும் வந்து உடுப்புத் தைப்பித்துக்கொண்டு போனார்கள். அந்த உடுப்புகளுக்குப் படம் வரைந்தவர்களில் ஒருவர் கிறிஸ்டியன் டியோர்.

கத்தரீன் வேறு வேலையில் இருந்தாள். 1941இன் முடிவில் கான் நகரில் வானொலிப் பெட்டி வாங்கப் போன இடத்தில் ஹேர்வே என்பவரைச் சந்தித்தாள். லண்டனிலிருந்து வரும் ஒலிபரப்பைக் கேட்கத்தான் வானொலி. ஹேர்வே எதிர்ப்பியக்கத்தில் இருந்தவர். கத்தரீனும் சேர்ந்தாள். போலந்துக்காரரும் பிரெஞ்சுக்காரரும் நடத்திய எஃப்-2 என்ற உளவு வலையமைப்பு அது. ஜேர்மன் படை நகர்வுகளைப் பற்றிய தகவல்களைச் சேர்த்து அனுப்புவது வேலை. அவளுடைய இரகசியப் பெயர் காரோ. இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வரும். பாரிஸுக்கு மாறிய பிறகு றோயல் வீதியில் அண்ணன் குடியிருந்த வீட்டிலேயே சந்திப்புகள் நடந்தன. அண்ணனுக்குத் தெரியும். பகலில் எதிரியின் மனைவிக்கு உடுப்பு வரைந்தவர், தன் வீட்டை எதிரியைத் தேடுபவர்களுக்குத் திறந்து விட்டிருந்தார். ஒரே மனிதர்தான் இரண்டையும் செய்தார். யுத்தத்துக்குள் வாழ்ந்தவர்களுக்கு இது புதிராக இராது. அப்படி வாழாதவர்கள்தான் அவரை ஒரு பக்கத்தில் நிறுத்தத் துடிக்கிறார்கள்.

1944 ஜூலை 6இல் கத்தரீன் பிடிபட்டாள். கெஸ்டாப்போவுக்கு வேலை செய்த பிரெஞ்சுக் கும்பலொன்று பொம்ப் வீதியிலுள்ள வீட்டுக்குக் கொண்டுபோய் அடித்தது, குளிர்நீர்த் தொட்டியில் அமுக்கியது. அவள் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அண்ணனும் ஹேர்வேயும் மற்றவர்களும் தப்பியது அதனால்தான். ஓகஸ்ட் 15இல் பாரிஸிலிருந்து கைதிகளை ஏற்றிய கடைசிப் பெரிய ரயில்களில் ஒன்று புறப்பட்டது. அதில் அவளும் இருந்தாள். பத்து நாளில் பாரிஸ் விடுவிக்கப்பட்டது. பத்தே பத்து நாள்.

டியோர் தெரிந்தவர்கள் எல்லோரையும் பிடித்தார். சுவீடனின் கொன்சல் ஜெனரல் நோர்ட்லிங் வரைக்கும் போனார். ஒன்றும் பலிக்கவில்லை. அவள் ராவன்ஸ்புருக் பெண்கள் முகாமுக்கும், அங்கிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை, சுரங்கம், லைப்சிக் அருகே விமான உதிரிப்பாகத் தொழிற்சாலை என்று அடிமை வேலைக்கும் மாற்றப்பட்டாள். உயிரோடு இருக்கிறாளா என்பதே வீட்டாருக்குத் தெரியாது. டியோர் சாத்திரம் பார்க்கும் பெண்ணொருத்தியிடம் போய்ப் போய்க் கேட்டார். அவள் திரும்புவாள் என்று அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் சொன்னாள். பாரிஸின் நாகரிக உலகம் இதை அவருடைய விசித்திரப் பழக்கமென்று எழுதும். கடிதமும் இல்லை, பதிவும் இல்லை, அதிகாரியும் பதில் சொல்லமாட்டார் என்ற நிலையில் சாத்திரக்காரியிடம் போவதை நாங்கள் அப்படி எழுத முடியாது.

திரும்பி வந்த கத்தரீன், ஹேர்வேயோடு சேர்ந்து பூ வியாபாரத்தில் இறங்கினாள். விடியுமுன் எழும்பி பாரிஸின் மொத்தச் சந்தைக்குப் போய்ப் பூ வாங்கி விற்பாள். முகாமைப் பற்றி அதிகம் பேசவில்லை.

இனிப் பணக்காரர் ஒருவர் கதைக்குள் வருகிறார். மார்செல் பூசாக். பிரான்சின் பருத்தி ராஜா என்று பெயரெடுத்தவர். முதலாம் உலக யுத்தத்தில் விமானத்துக்கான துணி விற்று, யுத்தம் முடிந்து மிஞ்சிய துணியை உடுப்பாக்கி விற்றுப் பெருத்தவர். அவரிடம் பிலிப் எ கஸ்தோன் என்ற பழைய தையல் நிறுவனமொன்று நொடிந்து கிடந்தது. அதைத் தூக்கி நிறுத்த ஒருவரைத் தேடினார். 1946இல் டியோரின் சிறுவயது நண்பர் ஒருவர் அவரைக் கொண்டுபோய் அறிமுகப்படுத்தினார். டியோர் போய்ப் பார்த்துவிட்டு, செத்துப்போன நிறுவனத்தை எழுப்ப முடியாது, புதிதாக ஒன்று என் சொந்தப் பெயரில் திறப்பதென்றால் வருகிறேன் என்ற பொருளில் பதில் சொன்னார். கூச்ச சுபாவமுள்ள மனிதருக்கு இந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்ததென்று அவருக்கே வியப்பு. சம்மதிப்பதா விடுவதா என்று தடுமாறிய நாட்களில் வீதியில் காலில் தட்டுப்பட்ட ஒரு இரும்பு நட்சத்திரத்தை நல்ல சகுனமென்று எடுத்துக்கொண்டார். சாத்திரக்காரியும் சம்மதிக்கச் சொன்னாள்.

பூசாக் ஒத்துக்கொண்டார். பணமும் உரித்தும் பூசாக்குடையவை. டியோருக்குச் சம்பளமும் இலாபத்தில் ஒரு பங்கும். பெயர் டியோருடையது, ஆனால் அந்தப் பெயரைத் தாங்கிய கம்பனி அவருடையதல்ல. பிற்காலத்தில் நடந்த அத்தனைக்கும் வித்து இந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது.

1946 டிசெம்பரில் மொண்டேன் வீதி 30ஆம் இலக்கத்தில் கடை திறந்தது. 1947 பெப்ரவரி 12இல் முதலாவது காட்சி. ஒடுங்கிய இடுப்பு, வட்டமாக விரிந்து கணுக்காலை நோக்கி இறங்கும் பாவாடை. ஹார்ப்பர்ஸ் பஸார் சஞ்சிகையின் ஆசிரியர் கார்மல் ஸ்னோ இதை நியூ லுக் என்று அழைக்க, அந்தப் பெயரே நிலைத்தது. யுத்த காலத்தில் பெண்கள் துணி மிச்சம் பிடிக்கக் கட்டைப் பாவாடை அணிந்தவர்கள். இங்கே ஒரு பாவாடைக்கே பல பத்து முழத் துணி.

கோபம் வந்தது. வரத்தானே வேண்டும். பிரான்சில் பாணுக்கும் பாலுக்கும் பங்கீட்டு அட்டையோடு வரிசையில் நின்ற நேரம். பாரிஸின் லெபிக் வீதிச் சந்தையில் இந்த உடுப்போடு படம் பிடிக்கப் போன மொடல் பெண்ணை அங்கே நின்ற பெண்கள் சூழ்ந்து உடுப்பைக் கிழித்தார்கள். அந்தப் படம் இன்றும் இருக்கிறது. துணிப் பங்கீடு 1949 வரை தொடர்ந்த பிரித்தானியாவில் அமைச்சர் ஸ்டாஃபர்ட் கிரிப்ஸ் இதை வீண்விரயம் என்று எதிர்த்தார். அமெரிக்காவிலும் பெண்கள் மறியல் செய்தார்கள். ஆனாலும் கோபித்தவர்களில் பலர் இரண்டு வருடத்துக்குள் அதே பாவாடையைத் தாங்களே தைத்துப் போட்டார்கள். இதில் அழகோடு கணக்கும் உண்டு. பூசாக் துணி ஆலை முதலாளி. பாவாடை நீண்டால் துணி விற்கும். அதற்காகவே டியோர் நீளப் பாவாடை வரைந்தாரென்று சொல்வது அநியாயம். அவர் மனதிலிருந்தது தாயின் காலத்து உடுப்பும் பூக்களின் வடிவமும். ஆனால் முதலாளிக்கு அது கசக்கவில்லை.

அதே 1947இல் டியோரின் முதல் வாசனைத் திரவியம் வந்தது. பெயர் மிஸ் டியோர். என்ன பெயர் வைப்பதென்று பேசிக்கொண்டிருந்த நேரம் கத்தரீன் உள்ளே வர, இதோ மிஸ் டியோர் வந்துவிட்டார் என்று உதவியாளர் ஒருவர் சொன்னதிலிருந்து பிறந்த பெயர் என்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன் முகாமிலிருந்து வந்த பெண்ணின் பெயர் போத்தலில் ஏறியது. வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்?

உடுப்பைவிட டியோர் நிறுவனம் உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த பெரிய விடயம் பெயரை விற்கும் முறை. இதில் டியோரோடு இணைந்து நின்றவர் நிர்வாகி ஜாக் ரூவே. அமெரிக்கக் காலுறைக் கம்பனியொன்று டியோர் என்ற பெயரைப் போட பத்தாயிரம் டொலர் தருகிறோம் என்று வந்தது. ஒரே தடவையில் வரும் அந்தப் பெரிய தொகையை டியோர் தரப்பு மறுத்தது. ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு வீதம் வேண்டுமென்றது. அன்று அந்தத் தொழிலில் இது வழக்கமில்லை. பிறகு கழுத்துப்பட்டி, உரோமச் சட்டை, தொப்பி, கையுறை, கைப்பை என்று பட்டியல் நீண்டது. தைப்பவர் ஒருவர், விற்பவர் இன்னொருவர், வீதம் மட்டும் பாரிஸுக்கு வரும்.

இதன் இயக்கம் எளிமையானது. உச்சியில் கையால் தைக்கும் உடுப்பு. சில நூறு பணக்காரப் பெண்கள்தான் வாங்குவார்கள். அதன் இலாபம் சொல்லும்படியாக இராது. ஆனால் பத்திரிகைகளில் படம் வரும், கனவு பிறக்கும். அந்தக் கனவின் ஒரு சொட்டைப் போத்தலிலோ காலுறையிலோ வாங்கக்கூடியவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். காசு அங்கேதான். 1948இல் நியூயோர்க்கில் கிளை திறந்து, அமெரிக்கப் பெண்களின் உடல்வாகுக்கும் அங்குள்ள இயந்திரத் தையலுக்கும் ஏற்றபடி வேறு வரிசை உடுப்புகள் வரையப்பட்டன. பெருங்கடைக்காரர்கள் பாரிஸுக்கு வந்து, முற்பணம் கட்டிக் காட்சியைப் பார்த்து, மாதிரியை வாங்கிப் பிரதி செய்தார்கள். வாங்காமல் கண்ணால் களவெடுத்தவர்கள் மேல் வழக்குப் போட்டார்கள். பாரிஸின் மற்றத் தையல் நிறுவனங்கள் முதலில் இது தொழிலின் மரியாதையைக் கெடுக்கிறது என்று முகம் சுளித்தன. பின்னர் அவையும் அதே வழியில் நடந்தன.

டியோர் ஒவ்வொரு பருவத்திலும் வடிவத்தை மாற்றினார். எச், ஏ, வை என்று எழுத்துகளின் பெயரில் வரிசைகள். கம்பனியில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை செய்தார்கள். பிரான்சின் உயர்தர ஆடை ஏற்றுமதியில் மிகப் பெரிய பங்கு இந்த ஒரு வீட்டிலிருந்து போனது. ஆனால் மனிதர் களைத்துப் போனார். காட்சிக்கு முன் அழுகையும் நடுக்கமும். சாப்பாட்டுப் பிரியர், உடம்பு பெருத்தது, இதயம் பலவீனமானது. 1956இல் கிறிஸ்டியன் டியோரும் நானும் என்ற பெயரில் தன்வரலாறு எழுதினார். தலைப்பைக் கவனியுங்கள். பெயர் ஒரு ஆள், தான் வேறொரு ஆள் என்று அவரே பிரித்து வைத்துவிட்டார்.

1952இல் லண்டனில் டியோர் கிளை திறக்கப்பட்டது. அதே வருடம் பொம்ப் வீதிச் சித்திரவதைக் கும்பலின் வழக்கு பாரிஸ் இராணுவ நீதிமன்றத்துக்கு வந்தது. கத்தரீன் கூண்டில் ஏறி, தன்னை அடித்தவர்களை முகத்துக்கு நேரே அடையாளம் காட்டினாள். வழக்கு வர எட்டு வருடம் எடுத்தது. எட்டு வருடத்தில் வழக்கு வருவதைத் தாமதமென்று சொல்ல எங்களுக்கு வாய் வருகிறதா தெரியவில்லை.

1957 மார்ச்சில் டைம் சஞ்சிகையின் அட்டையில் டியோரின் முகம் வந்தது. ஒக்டோபரில் உடம்பைத் தேற்ற இத்தாலியின் மொண்டெகாத்தினிக்குப் புறப்பட்டார். போகவேண்டாமென்று சாத்திரக்காரி தடுத்தாளாம். ஒக்டோபர் 24இல் மாரடைப்பில் இறந்தார். வயது 52. கல்லியானில் அடக்கம் செய்தார்கள்.

ஆள் இறந்ததும் கடையை மூடிவிடலாமா என்று பூசாக் யோசித்தார். விட்டால்தானே. பெயருக்கு வீதம் கட்டித் தொழில் நடத்தியவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். இருபத்தொரு வயது உதவியாளர் ஈவ் சென் லோரன் தலைமை வடிவமைப்பாளரானார். 1960இல் அவர் அல்ஜீரிய யுத்தத்துக்காகப் படைக்கு அழைக்கப்பட, மார்க் போஹான் வந்தார். பெயர் நின்ற இடத்தில் நின்றது, அதற்குள் ஆட்கள் வந்து போனார்கள்.

பூசாக்கின் ஆலைகள் மெல்ல நொடிந்தன. வாசனைத் திரவியப் பகுதி ஏற்கெனவே ஷம்பெய்ன் தயாரிக்கும் மொயே கம்பனியின் கைக்குப் போய்விட்டது. இனி உடுப்பு டியோர் ஒருவரிடம், வாசனை டியோர் இன்னொருவரிடம். 1978இல் பூசாக் குழுமம் வங்குரோத்தாகி வில்லோ சகோதரர்களிடம் போனது. அவர்களும் 1981இல் விழுந்தார்கள். வேலைகளைக் காப்பாற்றக்கூடிய ஒருவரை அரசாங்கம் தேடிய நேரம், 1984இல் வந்தவர் பெர்னார்ட் ஆர்னோ. வடக்கே ரூபே நகரின் கட்டட ஒப்பந்தக் குடும்பத்துப் பிள்ளை, முப்பத்தைந்து வயது. அவர் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. இளைஞனாக நியூயோர்க் போனபோது டாக்சிச் சாரதியிடம் பிரெஞ்சு ஜனாதிபதியின் பெயர் தெரியுமா என்று கேட்டாராம். தெரியாது, ஆனால் டியோர் என்ற பெயர் தெரியும் என்றாராம் சாரதி.

ஆர்னோ வாங்கிய குழுமத்தில் நெசவாலை, குழந்தைத் துவாய், தளபாடக் கடை என்று எத்தனையோ இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக விற்றார். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். டியோரையும் பொன் மார்ஷே என்ற பெருங்கடையையும் வைத்துக்கொண்டார். துணி நெய்தவர்களைவிட பெயர் பெறுமதியானது என்ற கணக்கு. வியாபாரமாகப் பார்த்தால் அது சரியான கணக்கு என்பதைப் பின்வந்த காலம் காட்டியது. வொஸ்ஜ் மலைப்பக்க ஆலை ஊர்களைக் கேட்டால் வேறு கணக்கு வரும்.

1987இல் லூயி வித்தோனும் மொயே ஹெனசியும் இணைந்து எல்விஎம்எச் என்ற குழுமம் பிறந்தது. 1989இல் அதன் தலைமை ஆர்னோவிடம் வந்தது. ஜிவான்ஷி, கென்சோ, செலீன், லோவே, ஃபெண்டி, புல்காரி, 2021இல் டிஃபனி என்று இன்று எழுபத்தைந்தளவு வர்த்தக நாமங்கள். வெளியே ஒவ்வொன்றும் தனி வீடு. தனி வடிவமைப்பாளர், தனிக் கடை, தனிக் கதை. உள்ளே பணம், விளம்பர இடம், கடை வாடகைப் பேச்சு, ஆட்கள் எல்லாம் ஒரே பொதியிலிருந்து வரும். 1996இல் ஜிவான்ஷியில் இருந்த ஜோன் கல்லியானோவைத் தூக்கி டியோரில் வைத்தார்கள். சதுரங்கக் காய் மாதிரி. பங்குதாரர்களுக்குக் கொடுக்கும் ஆண்டறிக்கையில் உடுப்பு ஒரு நிரல், வாசனை வேறு நிரல். ஒரு மனிதரின் பெயர் இரண்டு நிரலில் கிடக்கும்.

டியோர் தொடங்கிவைத்த அதே முறையைத்தான் முதலில் வெட்டினார்கள் என்பது வேடிக்கை. எண்பதுகளில் டியோர் பெயரை நூற்றுக்கணக்கான உரிமங்களின் கீழ் யார் யாரோ எதெதிலோ போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கும் கிடைக்கும் பெயருக்குக் கனவு ஒட்டாது. ஆகவே உரிமங்களைத் திரும்ப வாங்கினார்கள், கடையைச் சொந்தமாக்கினார்கள், விலையை ஏற்றினார்கள். 2017இல் எல்விஎம்எச் 650 கோடி யூரோ கொடுத்து டியோர் உடுப்புப் பகுதியை வாங்கி, தன்னிடமிருந்த வாசனைப் பகுதியோடு சேர்த்தது. அரை நூற்றாண்டு பிரிந்திருந்த பெயர் ஒன்றானது. 2023இல் குழுமத்தின் மொத்த விற்பனை 8,600 கோடி யூரோவைத் தாண்டியது.

பெயரைக் காப்பது எப்படியென்று 2011இல் பார்த்தோம். பாரிஸ் மதுக்கடையில் யூதர்களை இழிவுபடுத்திப் பேசி, ஹிட்லரைப் புகழ்ந்த கல்லியானோ சில நாட்களுக்குள் நீக்கப்பட்டார். ராவன்ஸ்புருக்கிலிருந்து மீண்டவளின் குடும்பப் பெயரைத் தாங்கிய வீடு வேறெதையும் செய்திருக்க முடியாது. அதைவிடக் குறைவாகப் பேசப்பட்டது இத்தாலிச் சம்பவம். 2024 ஜூனில் மிலான் நீதிமன்றம் டியோரின் கைப்பை தயாரிப்புப் பிரிவொன்றை நிர்வாகியின் கண்காணிப்பில் வைத்தது. துணை ஒப்பந்தப் பட்டறைகளில் தொழிலாளர்கள் சுரண்டப்பட்டதாக விசாரணையில் வெளிவந்திருந்தது. கடையில் 2,600 யூரோவுக்கு விற்ற பையொன்றைத் தைத்துக் கொடுக்கத் தோல் போன்ற மூலப்பொருள் நீங்கலாக 53 யூரோ கொடுக்கப்பட்டதென்று ஆவணங்கள் காட்டின. டியோர் அந்தப் பட்டறைகளின் செயலைக் கண்டித்தது. 2025இல் கண்காணிப்பு நீக்கப்பட்டது.

வன்னியில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் ஒரு அக்காவோடு ஒருமுறை பேசிக்கொண்டிருந்தேன். விடிய நாலரைக்கு பஸ். அவருடைய வேலை உடுப்பின் கழுத்தில் லேபிள் தைப்பது. டியோர் அல்ல, வேறு வெளிநாட்டுப் பெயர்கள். அவை ஒரு காலத்தில் மனிதர்களின் பெயர்களாக இருந்திருக்கும் என்று நான் சொன்னபோது சிரித்தார். நாளுக்கு எத்தனை நூறு தைக்க வேண்டுமென்பதுதான் அவருக்கு முக்கியமாக இருந்தது. அதைத்தான் அவர் எனக்கு விளக்கினார்.

கத்தரீன் அண்ணனைவிட ஐம்பது வருடம் கூடுதலாக வாழ்ந்தாள். கல்லியானில் றோசாவும் மல்லிகையும் வளர்த்து வாசனைத் தொழிலுக்கு விற்றாள். அண்ணனின் மகள் முறையான பிரான்சுவாஸ் டியோர், 1963இல் பிரித்தானிய நாஸி ஆதரவாளரொருவரை மணந்து பத்திரிகைகளில் கூத்தடித்தபோது, கத்தரீன் பகிரங்கமாக எதிர்த்து நின்றாள். கிரான்வில் வீடு அருங்காட்சியகமானதும் அதன் கௌரவத் தலைவியானாள். 2008இல், தொண்ணூறு வயதில் இறந்தாள். அண்ணன் கிடக்கும் அதே கல்லியான் இடுகாட்டில் அவளையும் அடக்கினார்கள்.

அதற்குப் பிறகு கம்பனிக்கு அவளுடைய ஞாபகம் வந்தது. அவளுடைய தோட்டத்தைக் கருவாக வைத்து உடுப்புக் காட்சி நடந்தது. 2021இல் புதிய கைப்பையொன்று கடைக்கு வந்தது. கத்தரீனுக்கு மரியாதையாக வைத்த பெயர் என்று கம்பனி சொன்னது. அந்தப் பையின் பெயர் காரோ.